கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு ஹெட் டிராக்கர்: செய்த விதமும் பழுது பார்த்த விதமும்

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சேலத்திலிருந்து ஏறும் பேருந்தில் முன்னிருக்கையில் அமர்ந்து ஓட்டுநரைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: ஸ்டீயரிங்கை ஒடிப்பதற்கு முன்பே அவருடைய தலை திரும்பிவிடும். வண்டியின் மூக்கு மலைச்சுவரை நோக்கியிருக்க, அவருடைய கண்கள் பக்கவாட்டு ஜன்னல் வழியாக, மேலேயிருந்து இறங்கிவரும் வண்டியைத் தேடிக்கொண்டிருக்கும். 2012-இல் வெளியான யூரோ டிரக் சிமுலேட்டர் 2 போன்ற விளையாட்டுகளில் மலைப்பாதை ஓட்டும்போது இல்லாமல் போவது இந்தப் பார்வைதான். திரை எப்போதும் நேராகவே பார்க்கிறது. சாலையோ பக்கத்தில் போய்விடுகிறது. மவுஸைக் கொண்டு பார்வையைத் திருப்பலாம் என்றால், இரண்டு கைகளும் ஸ்டீயரிங் சக்கரத்தில் இருக்கின்றன.

தலையின் அசைவை அளந்து விளையாட்டுக்குள் இருக்கும் ஓட்டுநரின் தலையை அதே திசையில் திருப்பும் கருவிக்கு ஹெட் டிராக்கர் என்று பெயர். நேச்சுரல்பாயிண்ட் நிறுவனத்தின் டிராக்ஐஆர் இந்த வகையில் விலை கொடுத்து வாங்கக்கூடியது. அதே தத்துவத்தில் வீட்டிலேயே ஒன்றைச் செய்துகொள்ள ஓப்பன்டிராக் என்னும் கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. சேலத்தில் என் வீட்டு மேசையில் அப்படிச் செய்து, பிறகு அதைப் படிப்படியாகச் சீர்செய்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். செய்வதைவிடச் சீர்செய்வதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன் என்பதால் பதிவிலும் அந்தப் பகுதியே நீளமாக இருக்கும்.

எல்.இ.டி., பற்றவைப்பு என்று இறங்குவதற்கு முன் ஒரு வார்த்தை. ஓப்பன்டிராக்கிலேயே நியூரல்நெட் டிராக்கர் என்ற வசதி உண்டு. சாதாரண வெப்கேமராவில் தெரியும் முகத்தை வைத்தே தலையின் கோணத்தைக் கணக்கிட்டுவிடும். கைப்பேசிச் செயலிகள் வழியாக யூ.டி.பி. என்னும் நெட்வொர்க் முறையில், 4242 என்ற இயல்பு போர்ட்டில், தரவை அனுப்பவும் வழி இருக்கிறது. இவற்றுக்குத் தனிச் செலவு இல்லை. யாராக இருந்தாலும் முதலில் இவற்றைச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. என் அறையில் ஜன்னல் வெளிச்சம் முதுகுப்பக்கத்திலிருந்து வருவதால் முகம் இருட்டாகி, முகத்தைப் பார்க்கும் முறை தடுமாறியது. இரவில் விளக்கை அணைத்து ஓட்டுவதும் முடியாமல் போனது. சுழற்சியை அளக்கும் எம்.பி.யு. 6050 போன்ற சென்சாரைத் தலையில் மாட்டும் முறையையும் யோசித்தேன். அதில் திசைகாட்டிபோல வேலை செய்யும் காந்தமானி கிடையாது என்பதால் இடவலத் திருப்பக் கோணம் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே போகும். தவிர, தலை முன்னே சாய்வதையோ பக்கவாட்டில் நகர்வதையோ அதனால் நம்பகமாகச் சொல்ல முடியாது. டிரக்கின் முன் கண்ணாடியை ஒட்டிய தூணுக்குப் பின்னால் மறையும் இடவளைவை எட்டிப் பார்க்க அந்தச் சாய்வுதான் தேவை. ஆகவே தலையில் மாட்டிய மூன்று அகச்சிவப்பு எல்.இ.டி.களும் அவற்றைப் பார்க்கும் ஒரு கேமராவும் கொண்ட முறையைத் தேர்ந்தெடுத்தேன். திரும்புதல், நிமிர்தல், சாய்தல் என்னும் மூன்று கோணங்களையும் மூன்று திசை நகர்வுகளையும் அது ஒருசேரத் தருகிறது.

கேமராவும் கறுப்பு நெகட்டிவும்

பழைய பொருள்களில் கிடைத்த பிளேஸ்டேஷன் 3 ஐ கேமராவைப் பயன்படுத்தினேன். சோனி இதை 2007-இல் விளையாட்டுக் கன்சோலுக்காக வெளியிட்டது. 640 × 480 பிக்சல் படத்தை நொடிக்கு 60 முறை தரும் திறன்தான் இதன் பெருமை. அலுவலகக் கூட்டங்களுக்கு விற்கப்படும் வெப்கேமராக்கள் பெரும்பாலும் 30 முறையோடு நின்றுவிடும். தலையைத் திருப்பும் வேகத்துக்கு அது போதாது, பார்வை பின்தங்குவது கண்ணுக்கே தெரியும். லினக்ஸில் இந்தக் கேமராவுக்கான டிரைவர் கெர்னலிலேயே உள்ளது. விண்டோஸுக்குச் சோனி டிரைவர் தரவில்லை என்பதால் பிறர் எழுதியதை நிறுவிக்கொள்ள வேண்டும். லென்ஸைத் திருகினால் 56 டிகிரி, 75 டிகிரி என இரண்டு பார்வைக் கோணங்கள் கிடைக்கும். மேசையில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு 56 போதும். கோணம் குறுகும் அளவுக்கு எல்.இ.டி. புள்ளிகள் அதிகப் பிக்சல்களில் விழும்.

பெரும்பாலான கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் சிறு கண்ணாடி ஒன்று இருக்கும். சாய்த்துப் பார்த்தால் செந்நிறமோ நீலப்பச்சையோ மின்னும். அதை எடுத்தாக வேண்டும். இந்தக் கேமராவில் அது லென்ஸ் கூட்டோடு ஒட்டப்பட்டிருப்பதால், கூட்டைச் சர்க்யூட்டிலிருந்து பிரித்து, சென்சாரின் மேல் தூசி படியாதபடி சுத்தமான டேப்பால் மூடிவிட்டு, கண்ணாடியை ஓரத்திலிருந்து மெல்லக் கிளப்பினேன். அது சில்லாக உடைய வாய்ப்பு அதிகம். கண்ணுக்குக் காப்பு அணியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. கண்ணாடியை எடுத்ததும் படம் மங்கும். ஒளி கடந்துவந்த கண்ணாடித் தடிமன் இல்லாமல் போவதால் குவியம் சற்று நகர்ந்துவிடுவதே காரணம்; லென்ஸை மறுபடி திருகிச் சரிசெய்ய வேண்டும். இந்தத் திருகலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் வடிகட்டி. பழைய கல்யாண ஆல்பத்தோடு வந்த நெகட்டிவ் உறையில் படச்சுருளின் முனைத் துண்டுகள் இருந்தன. ஒளி பட்டு, கழுவி எடுக்கப்பட்டு முழுக் கறுப்பாக இருக்கும் அந்தத் துண்டு ஒன்றை இரண்டாக வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக லென்ஸின் முன் வைத்தால் டியூப்லைட்டும் திரை வெளிச்சமும் மறைந்துவிடும், எல்.இ.டி. மட்டும் தெரியும். இதற்குக் கலர் நெகட்டிவ்தான் வேண்டும். கலர்ச் சுருளின் கறுப்பு சாயங்களால் ஆனது, அகச்சிவப்பு அதனூடே தாராளமாகப் போகும். கறுப்பு வெள்ளைச் சுருளிலும் எக்ஸ்ரே பிலிமிலும் இருக்கும் கறுப்பு வெள்ளித் துகள்களால் ஆனது; அது அகச்சிவப்பையும் சேர்த்தே தடுத்துவிடும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிமை வெட்டி வைத்துவிட்டு எல்.இ.டி. எரியவில்லை என்று தேடுவோருக்கு இந்தத் தகவல் உதவும்.

எல்.இ.டி.யும் பித்தளைச் சட்டமும்

எல்.இ.டி.யில் 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என இரண்டு வகைகள் எளிதாகக் கிடைக்கும். ரிமோட்டுகளில் இருப்பது பெரும்பாலும் 940. கேமரா சென்சாரின் சிலிக்கானுக்கு அலைநீளம் கூடக்கூட உணர்திறன் குறையும் என்பதால் 850 வகையை வாங்கினேன். அதே மின்னோட்டத்தில் அது கேமராவுக்குப் பளிச்சென்று தெரிகிறது. 5 மி.மீ. எல்.இ.டி.யின் முனையில் இருக்கும் குமிழ் ஒளியைக் குறுகிய கற்றையாகக் குவித்துவிடும். தலை கொஞ்சம் திரும்பினாலும் கற்றை கேமராவை விட்டு விலகிப் புள்ளி மங்கும். அரத்தால் குமிழைத் தட்டையாக்கி, உப்புத்தாளில் தேய்த்து, முகப்பைப் பால்போல மங்கச் செய்தால் ஒளி அகலமாகப் பரவும்.

மின்சாரத்துக்குப் பழைய யூ.எஸ்.பி. கேபிளின் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் போதும். மூன்று எல்.இ.டி.களையும் தொடராக ஒரே ரெசிஸ்டரில் இணைப்பவர்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1.5 வோல்ட் விழுவதால் 5 வோல்ட்டில் மிஞ்சுவது அரை வோல்ட்தான், யூ.எஸ்.பி.யின் மின்னழுத்தம் சற்றே ஏறி இறங்கினாலும் வெளிச்சம் பெரிதாக மாறிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 120 ஓம் ரெசிஸ்டர் போட்டால் மிஞ்சும் 3.5 வோல்ட் அதில் விழுந்து, ஒன்றுக்கு 29 மில்லி ஆம்பியர், மூன்றுக்கும் சேர்த்து 87 மில்லி ஆம்பியர் ஓடும். யூ.எஸ்.பி. 2.0 எந்தக் கருவிக்கும் தயங்காமல் தரும் 100 மில்லி ஆம்பியருக்குள் இது அடங்கிவிடுகிறது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாததால் கண் தானாகச் சுருங்காது, எரியும் எல்.இ.டி.யை நெருக்கமாக உற்றுப் பார்க்கவே கூடாது. எரிகிறதா என்று அறியக் கைப்பேசியின் முன் கேமராவைக் காட்டினால் போதும், பெரும்பாலும் ஊதா நிறப் புள்ளியாகத் தெரியும்.

மூன்று எல்.இ.டி.களையும் தாங்கும் சட்டம் ஹெட்போனின் இடது காதில் செருகப்படும் கிளிப். நடு எல்.இ.டி. கேமராவுக்கு மிக அருகில், மேல் எல்.இ.டி. அதற்கு 40 மி.மீ. உயரத்தில், 30 மி.மீ. பின்னால், கீழ் எல்.இ.டி. 70 மி.மீ. தாழ்வில், 80 மி.மீ. பின்னால். ஐஸ் குச்சியையும் ஹாட் குளூவையும் வைத்து இதைச் செய்பவர்கள் பலர். சேலத்து மே மாத வெயிலில், ஓடு பதித்த மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில், சூட்டில் இளகும் பசையை நம்பி மில்லிமீட்டர் அளவுகளை ஒப்படைக்க எனக்கு மனமில்லை. ஊரில் கொலுசுப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. சிவதாபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் 2 மி.மீ. பித்தளைக் கம்பியையும் காகிதத்தில் வரைந்த அளவையும் கொடுத்தேன்.

அவர் கம்பியை வளைத்து, சேரும் இடத்தில் வெங்காரத்தை நீரில் குழைத்துத் தடவி, அரிசி முனை அளவுக்கு வெட்டிய வெள்ளிப் பற்றாசுத் துண்டை இடுக்கியால் வைத்து, தீயை நேராகப் பற்றாசில் காட்டாமல் கம்பியின் இரு பக்கங்களிலும் மாறி மாறிக் காட்டினார். வெங்காரம் முதலில் பொங்கி, பிறகு கண்ணாடிபோலத் தெளிந்தது. அதன்பின் பற்றாசு ஒரே நொடியில் உருகி மூட்டைச் சுற்றி ஓடியது. நான் கை நீட்டியபோது, "தொடாத மாப்ள, சூடு ஆறுறதுக்குள்ள அசைச்சா கோணம் போயிரும். உனக்கு அளவுதானே முக்கியம்?" என்றார். அந்தச் சட்டம் இன்றுவரை ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

ஒரு பிக்சலின் கணக்கு

பழுது பார்ப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது அவசியம் என்று உறுதியாகச் சொல்வேன், ஏனெனில் நடுக்கம் வந்தவுடன் எல்லோருடைய கையும், அசைவை மழுப்பி நடுக்கத்தைத் தணிக்கும் மென்பொருளின் ஃபில்டரை நோக்கித்தான் போகிறது. 56 டிகிரி மூலைவிட்டக் கோணத்தில், 70 சென்டிமீட்டர் தொலைவில், கேமரா பார்க்கும் அகலம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். அதை 640 பிக்சலுக்குப் பங்கிட்டால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரும். தலை ஒரு டிகிரி திரும்பும்போது, 80 மி.மீ. பின்னால் இருக்கும் கீழ் எல்.இ.டி. நடு எல்.இ.டி.யை ஒப்பிட 1.4 மி.மீ. நகரும்; அதாவது ஒன்றரைப் பிக்சல். ஆகவே புள்ளியின் இடம் ஒரு பிக்சல் தவறினால் கோணத்தில் முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவான பிழை வரும். விளையாட்டில் 90 டிகிரி திரும்ப நாம் தலையை அவ்வளவு திருப்ப முடியாது, கண் திரையில் இருக்க வேண்டும். ஆகவே மென்பொருள் அசைவைப் பல மடங்காகப் பெருக்குகிறது. நான்கு மடங்கு என்று வைத்தால், ஒரு பிக்சல் தவறு ஓட்டுநரின் பார்வையில் ஏறக்குறைய மூன்று டிகிரித் துள்ளலாக வந்து நிற்கிறது. ஃபில்டர் இந்தத் துள்ளலைத் தாமதமாக மாற்றித் தருமே ஒழியப் போக்காது. புள்ளியைத் தெளிவாக்குவதே மருந்து.

லென்ஸைத் திருகுவதில் நுணுக்கம் உண்டு என்றேனே, அது இங்கேதான் பயன்படுகிறது. மென்பொருள் ஒவ்வொரு ஒளிப்புள்ளிக்கும் வெளிச்சத்தை எடைபோட்டு மையத்தைக் காண்கிறது. புள்ளி ஊசிமுனைபோலக் கூர்மையாக ஒன்றிரண்டு பிக்சல்களில் மட்டும் விழுந்தால் மையம் பிக்சலுக்குப் பிக்சல் தாவும். லென்ஸைக் கூர்மையிலிருந்து சற்றே விலக்கி, புள்ளியை ஆறேழு பிக்சல் அகலத்துக்கு விரித்தால், ஓரப் பிக்சல்களின் வெளிச்சம் படிப்படியாகக் கூடிக் குறைவதிலிருந்து பிக்சலின் சிறு பங்கு வரை மையத்தைக் கணிக்க முடிகிறது. படம் அழகாகத் தெரிய வேண்டும் என்ற பழக்கத்தை இந்த ஒரு வேலைக்காக விட்டுவிட வேண்டும். இதைச் செய்தவுடன் என் கருவியின் நடுக்கம் பெரும்பகுதி அடங்கியது. அதுவரை மிக உயரத்தில் வைத்திருந்த ஃபில்டரின் ஸ்மூத்திங் அளவைத் தாழ்த்த முடிந்தது.

அதே நோக்கத்தில் கேமரா டிரைவரில் தானியங்கி எக்ஸ்போஷரையும் (ஒளி வாங்கும் நேரம்) கெயினையும் (வெளிச்சத்தைப் பெருக்கும் அளவு) நிறுத்தினேன். வடிகட்டி போட்ட கேமராவுக்கு அறை முழு இருட்டாகத் தெரிவதால், தானியங்கி முறை வெளிச்சத்தைக் கூட்டப் பார்க்கும். அப்போது ஒவ்வொரு படத்துக்கும் நேரம் நீண்டு எண்ணிக்கை குறையலாம், சென்சாரின் இரைச்சலும் பெருகும். எக்ஸ்போஷரைத் தாழ்த்தி, மூன்று புள்ளிகள் தவிர மற்றதெல்லாம் கறுப்பாக இருக்கும்படி வைத்தபின் ஓப்பன்டிராக்கின் திரெஷோல்டை, அதாவது எவ்வளவு வெளிச்சம் இருந்தால் புள்ளி என்று கொள்ளும் எல்லையை, அதற்கேற்ப அமைத்தேன்.

அந்தியில் வந்த நான்காவது புள்ளி

பகலில் ஒழுங்காக ஓடிய கருவி அந்தி சாய்ந்ததும் வெறிபிடித்ததுபோல ஆடும். பார்வை கூரைக்குப் போகும், ஒரு நொடியில் திரும்பும், மறுபடி பின்னிருக்கைக்குப் போகும். முதலில் மேற்கு ஜன்னலைச் சந்தேகித்தேன். சூரிய ஒளியில் அகச்சிவப்பு ஏராளம், பீரோவின் எவர்சில்வர் கைப்பிடியில் பட்டுத் தெறித்தால் அதுவே ஒரு புள்ளி. திரையைக் கனமான துணியாக மாற்றியதும் மாலை நான்கு மணித் தொல்லை ஓய்ந்தது. ஆனால் ஆறு மணிக்குப் பிறகு வந்தது ஓயவில்லை. கேமராப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, என் தோளுக்கு மேலே, மூன்று புள்ளிகளுக்கு அப்பால், நான்காவதாக ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. நாற்காலிக்குப் பின்னால் பூஜை அலமாரியில் ஏற்றிய காமாட்சி விளக்கு அது.

எண்ணெய் விளக்கின் சுடர் கண்ணுக்குத் தரும் வெளிச்சத்தைவிட அகச்சிவப்பையே அதிகம் உமிழ்கிறது. நெகட்டிவ் வடிகட்டி தடுப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான். சுடரின் அகச்சிவப்பை அது வரவேற்று உள்ளே விடுகிறது. புள்ளியின் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளை மாற்றியும் பயன் இல்லை. தூரத்தில் இருப்பதால் சுடரின் உருவமும் எல்.இ.டி. புள்ளியின் அளவிலேயே இருந்தது. சுடர் அசைய அசைய, மென்பொருள் சில சமயம் அதை எல்.இ.டி.யாக எடுத்துக்கொண்டு, உண்மையான மூன்றில் ஒன்றைக் கைவிட்டிருக்கிறது. வீட்டில் மாலை விளக்கு எரியத்தான் வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. மேசையைக் கால்வட்டம் திருப்பிப் போட்டு, அலமாரி கேமராவின் பார்வைக்கு வெளியே போகும்படி செய்தேன். தொல்லை அன்றோடு தீர்ந்தது. அறையில் இருக்கும் எல்.இ.டி. பல்புகளால் இந்தச் சிக்கல் வருவதில்லை. பழைய குண்டு பல்பும் கொசுவிரட்டக் கொளுத்தும் மெழுகுவத்தியும் சுடரைப் போலவே நடந்துகொள்ளும்.

மற்றக் கோளாறுகள்

ஸ்டீயரிங் சக்கரத்தையும் கேமராவையும் ஒரே யூ.எஸ்.பி. ஹப்பில் செருகியிருந்தபோது பார்வை அவ்வப்போது ஒரு கணம் உறைந்தது. 640 × 480 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 2 பைட், நொடிக்கு 60 படம் என்று பெருக்கினால் ஏறக்குறைய 37 மெகாபைட் வருகிறது, யூ.எஸ்.பி. 2.0 நடைமுறையில் சுமக்கக்கூடிய எல்லையை அது கிட்டத்தட்டத் தொட்டுவிடுகிறது. வேறு கருவிக்கு அங்கே இடமில்லை. கேமராவைக் கணினியின் பின்புறத்தில் மதர்போர்டோடு இருக்கும் போர்ட்டில் தனியாகச் செருகியதும் உறைதல் நின்றது.

தலையை வலப்பக்கம் திருப்பும்போது மட்டும் ஒரு புள்ளி மங்கியது இன்னொரு கோளாறு. மல்டிமீட்டரை ரெசிஸ்டரின் இரு முனைகளில் வைத்தால் 3.5 வோல்ட் காட்ட வேண்டும். ஒயரை வளைத்ததும் அது சரிந்தது. பார்வைக்கு நன்றாக இருந்த மூட்டுதான், ஈயம் சரியாகப் பிடிக்காத டிரை சோல்டராக இருந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஃபிளக்ஸ் வைத்து மறுபடி சூடேற்றினேன். ஒயரின் இழுப்பு மூட்டின் மேல் விழாதபடி, ஹெட்போனின் கேபிளோடு சேர்த்து இரண்டு இடங்களில் டை போட்டுக் கட்டினேன்.

கொஞ்சம் கவனமாக விளக்க வேண்டியது, புள்ளிகள் மாறிக்கொள்வது. கையை உயர்த்திக் கண்ணாடியைச் சரிசெய்யும்போது ஒரு எல்.இ.டி. கணநேரம் மறைந்து திரும்பினால், சில சமயம் பார்வை தலைகீழாகச் சிக்கிக்கொண்டது. பார்வையை நேராக மீட்டமைக்கும் நடுநிலைக் குறியீட்டு விசையை அழுத்தினாலும் மீளவில்லை. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில்தான் அமையும். அத்தகைய புள்ளிகளின் படத்தைப் பார்த்து, டிமெந்தான், டேவிஸ் என்னும் ஆய்வாளர்கள் 1990-களில் உருவாக்கிய போசிட் முறையில் தலையின் நிலையைக் கணக்கிடும்போது, ஒரே படத்துக்குப் பொருந்தக்கூடிய இரண்டு விடைகள் வர இடமுண்டு. எந்தப் புள்ளி எந்த எல்.இ.டி. என்ற அடையாளமும் தவறிவிட்டால் கணக்கு முழுவதும் வேறு திசையில் போய்விடும். ஓப்பன்டிராக்கில் டைனமிக் போஸ் என்றொரு தேர்வு இருக்கிறது. முந்தைய படத்தில் புள்ளிகள் இருந்த இடத்தை வைத்து அடுத்த படத்தில் அவற்றை அடையாளம் காணும் வசதி அது. எல்.இ.டி.களைத் தொப்பியில் பொருத்தும் தொப்பி வடிவச் சட்டத்துக்கு அது உதவும். கிளிப் வடிவத்துக்கு வேண்டாம் என்று மென்பொருளே அந்த இடத்தில் எழுதி வைத்திருக்கிறது. கிளிப்பில் மேல், நடு, கீழ் என்ற வரிசை தலை எப்படித் திரும்பினாலும் மாறுவதில்லை, ஆகவே அந்த வரிசையே போதுமான அடையாளம். தேர்வை நீக்கியபின் கை மறைத்தாலும், கையை எடுத்ததும் பார்வை தானாகச் சரியான இடத்துக்கு வந்துவிடுகிறது.

தலையை வெறுமனே திருப்பினாலும் ஓட்டுநரின் இருக்கையே பக்கவாட்டில் நகர்வதுபோலத் தோன்றினால், கிளிப்பின் இடத்துக்கும் கழுத்தின் சுழல்மையத்துக்கும் உள்ள தூரம் மென்பொருளுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று பொருள். அதற்கான அளவீட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு, தலையை இடவலமாகவும் மேல்கீழாகவும் மட்டும் மெல்லத் திருப்ப வேண்டும். தோளுக்குச் சாய்ப்பதோ உடலை நகர்த்துவதோ கூடாது. நகர்வின் அளவு சரியா என்று பார்க்க எளிய சோதனை: மேசையில் டேப்பை நீட்டி வைத்து, தலையைத் திருப்பாமல் 10 சென்டிமீட்டர் முன்னே வந்தால், முன்பின் எண்ணும் 10 மாற வேண்டும். மாறாவிட்டால் கேமராவின் பார்வைக் கோணம் தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கும். அங்கே எழுத வேண்டியது மூலைவிட்டக் கோணம். சட்டத்தின் அளவுகளை எல்.இ.டி.யின் நடுவிலிருந்து நடு வரை வெர்னியரால் அளந்து தர வேண்டும், கம்பியின் முனையிலிருந்து அல்ல.

வளைவின் வளைகோடு

ஓப்பன்டிராக்கின் அக்செலா ஃபில்டரைக் குறைந்த அளவில் வைத்து, விளையாட்டுக்கான வெளியீட்டை ஃப்ரீட்ராக் 2.0 என்ஹான்ஸ்ட் என்று அமைத்தால் விளையாட்டு அதை டிராக்ஐஆர் என்று எண்ணி ஏற்றுக்கொள்ளும். நடுநிலைக் குறியீட்டுக்கான விசையை ஸ்டீயரிங்கின் கட்டைவிரல் பொத்தானில் வைத்துக்கொண்டேன்.

மிச்சம் இருப்பது மேப்பிங் வளைகோடு; தலை எவ்வளவு திரும்பினால் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று சொல்லும் கோடு அது. அதை ரசனைக்கேற்ப வரையலாம் என்று பலர் சொன்னாலும், என் கருத்தில் சாலைதான் அதைத் தீர்மானிக்க வேண்டும். 24 அங்குலத் திரையை 70 சென்டிமீட்டரில் வைத்தால், அதன் ஓரம் நடுவிலிருந்து 20 டிகிரிக்குச் சற்று அதிகத்தில் முடிகிறது. ஆகவே தலை 30 டிகிரி திரும்பியும் கண் திரையில் நிற்கலாம், அதற்குமேல் சிரமம். முதல் 5 டிகிரிக்கு வளைகோட்டை ஏறக்குறையப் படுக்கையாக வைத்தேன். நெடுஞ்சாலையில் தலை தானாக ஆடும் சிறு ஆட்டத்துக்குப் பார்வை அசையக் கூடாது. அங்கிருந்து மெல்ல எழுந்து, 12 டிகிரியில் பக்கக் கண்ணாடி தெரியும் அளவுக்கு, 25 டிகிரியில் முழுப் பக்கவாட்டு ஜன்னல் தெரியும் அளவுக்கு உயர்த்தினேன். மேல்கீழ் அசைவுக்குப் பெருக்கம் குறைவாக இருந்தால் போதும். தலையைத் தோள்பக்கம் சாய்க்கும் கோணத்தை முற்றிலும் நிறுத்திவிட்டேன், மலைப்பாதையில் அது தலைசுற்றலைத்தான் தருகிறது. முன்னே வருவதையும் பக்கவாட்டு நகர்வையும் ஒன்றுக்கு ஒன்றாகவே விட்டேன். தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க உடம்பு பழகிய அளவு அதுதான்.

இப்போது வண்டியின் வலப்பக்க ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து வலப்புறக் கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது, தலையைத் திருப்பியதும் வளைவின் வெளிவாசல் ஜன்னலில் தெரிகிறது. இடவளைவில் சற்று முன்னே சாய்ந்தால் தூண் விலகி, இறங்கிவரும் வண்டி தெரிகிறது. ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி என்பது மலைப்பாதை விதி என்றாலும், இறங்குபவர் ஒதுங்கி நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு ஒடிக்க முடிவது பெரிய வித்தியாசம்.

ஒரு குறை நிற்கிறது. கிளிப் இடது காதில் இருப்பதால், தலையை இடப்பக்கம் 35 டிகிரியைத் தாண்டித் திருப்பினால் கீழ் எல்.இ.டி. தாடைக்குப் பின்னால் மறைந்து, பார்வை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. வலப்பக்க இருக்கையிலிருந்து ஓட்டும்போது பெரும் திருப்பம் வலப்பக்கத்தில்தான் தேவைப்படுவதால் இது எனக்கு இடையூறாக இல்லை. ஐரோப்பியச் சாலைகளில் இடப்பக்க ஓட்டுநர் இருக்கையில் விளையாடுபவர்கள் கிளிப்பை வலது காதில் மாட்டி, சுழல்மைய அளவீட்டை மறுபடி செய்துகொள்ள வேண்டும். இரு பக்கமும் சமமாகத் திரும்ப வேண்டிய போர் விமான விளையாட்டுகளுக்குத் தொப்பி வடிவச் சட்டமே பொருத்தம். அதற்கான பித்தளைக் கம்பியின் அளவுகளை வரைந்து மாமாவின் பட்டறையில் கொடுத்திருக்கிறேன்.